பதினான்கு பட்டனும் ஒரு தட்டும்

இன்று திருவேற்காட்டில் மச்சானும் நானும் ஷேர் ஆட்டோ ஏறினோம்.

மச்சான் ஐடிக்காரர். தண்ணீர் மோட்டாரை நிறுத்த ஒரு ஆப் செய்திருக்கிறார். மதியம் காட்டும்போது மேனேஜருக்குப் பிடிக்காவிட்டால் வேலை வேறு ஆளுக்குப் போய்விடும்.

அவர் போனை வாங்கிப் பார்த்தேன். பதினான்கு பட்டன்.

“நிறுத்தறது எங்க கீது மச்சான்?”

“மூணாவது மெனுவுல, மாமே.”

“அதுக்குள்ள டேங்க் ரொம்பி ஊடே மெதக்கும். இந்த ஆட்டோவ நிறுத்த எத்தினி பட்டன்? மேல தட்டுனா நிக்குது!”

தட்டியே காட்டினேன். ஆட்டோ நின்றது.

“யாருப்பா எறங்கறது?” என்றார் டிரைவர். யாரும் இல்லை.

மச்சான் அங்கேயே பதின்மூன்று பட்டனைத் தூக்கினார். மிச்சம் ‘நிறுத்து’ மட்டும். தட்டினால், டிரைவர் மாதிரியே, ‘நிஜமாகவே நிறுத்தவா?’ என்று கேட்கும்.

மதியம் மேனேஜர் பார்த்து ஓகே சொல்லிவிட்டாராம். எழுந்து நின்றுதான் சொல்லியிருப்பார்.

பட்டன் என் கண்டுபிடிப்பு. கேள்வியும் நான் தட்டியதால் பிறந்ததுதான். டிரைவர் உரிமை கேட்டு வந்தால் நீங்கள்தான் சாட்சி.