தாமதத்துக்குக் காரணம், மூணு நோட்டு

ரிடையரானவங்களுக்கு வரவேண்டிய பணத்துக்காகக் கேஸ் போடற வக்கீலுக்குச் சட்டம் பாதி தெரிஞ்சாப் போதும். ‘இத்தனை நாள் ஏன் வரலை?’ன்னு கோர்ட்டு கேட்டா பதில் சொல்ல மட்டும் முழுசாத் தெரியணும். அரசாங்க ஆபீஸ் படியேறி முட்டி தேஞ்சவங்களே, இது உங்களுக்குத்தான்.

நாளுக்கு ஒரு காரணம்

மைசூர் அக்ரஹாரத்துல என் ஆபீஸ். ஒரு நாள் முனிரத்தினம்னு ஒருத்தர் வந்தார். ஏதோ ஒரு அரசாங்க ஆபீஸ்ல தபாலைப் பதிவு பண்ற கிளார்க்கா இருந்து ரிடையரானவர். கிராஜுவிட்டி எட்டு வருஷமா வரலை. "எட்டு வருஷமா என்ன சார் பண்ணிட்டிருந்தீங்க?"ன்னு கத்தியே விட்டேன். எனக்குக் கோபம் கொஞ்சம் சீக்கிரம் வரும். தாமதத்தை மன்னிக்கச் சொல்லி முதல்ல ஒரு மனு போடணும், அதுல ஒவ்வொரு நாளுக்கும் காரணம் சொல்லணும்னேன். நாங்க வக்கீலுங்க வாய்ப்பாடா ஒப்பிக்கிற பேச்சு அது. அவர் பேனாவை எடுத்துக் குறிச்சுக்கிட்டு, ரொம்ப மரியாதையாக் கேட்டார்: "ஞாயித்துக்கிழமைக்கும் வேணுமா மேடம்?"

தடி நோட்டு

கிண்டல் பண்றார்னு நினைச்சேன். இல்லை சாமி! மூணு வாரம் கழிச்சு மூணு தடி நோட்டோட வந்து நின்னார். பழைய டைரிகளைப் பார்த்து, கன்னடத்துல, ஸ்கேல் வச்சுக் கோடு போட்டு எழுதியிருக்கார்: தேதி, போன இடம், கிடைச்ச பதில். ‘சாருக்கு ட்ரெயினிங்.’ ‘தசரா லீவு.’ ‘மழை, போகவில்லை.’ முக்கால்வாசி வரியில ‘நாளெ பன்னி.’ நாளைக்கு வாங்கன்னு மரியாதையாச் சொல்றதுங்க, திட்டறதா எடுத்துக்காதீங்க. இதையெல்லாம் கோர்ட்டுல குடுக்க முடியாது சார்னேன். முகம் வாடிப்போச்சு. "வாங்கிக்கிட்டதுக்கு ஒரு சீலாவது போட்டுக் குடுங்க மேடம்"னார்.

நடு நோட்டு

சும்மா புரட்டினப்போ ஒரு வரி கண்ணுல பட்டுது. ‘பணம் வந்துவிட்டது, பேங்கில் போட்டிருக்கிறேன் என்று இன்று கமலாவிடம் சொல்லிவிட்டேன்.’ கமலா அவர் சம்சாரம். தினம் சாயங்காலம் கதவைத் திறந்ததும் இவர் மூஞ்சியைத்தான் பார்ப்பாங்களாம். ஒரு நாள் தாங்க முடியாம பொய் சொல்லிட்டார். அப்புறம் எப்படிக் கேஸ் போடறது? வீட்டுக்கு ஒரு நோட்டீஸ் வந்தாப் போதுமே! என் கோபமெல்லாம் எங்கே போச்சோ, அழுகைதான் வந்தது. "பேங்க்ல போட்டதுக்கு வட்டி எங்கேன்னு அந்தம்மா கேக்கலையா?"ன்னேன். "காலைல வாக்கிங்னு சொல்லிட்டு வீடு வீடாப் பேப்பர் போடறேன் மேடம். அதான் வட்டி."

மன்னிப்பு

ஆனது ஆகட்டும்னு நோட்டுகளையும் சேர்த்தே தாக்கல் பண்ணினேன். நீதிபதி புரட்டினார், சிரிச்சார். நடு நோட்டுல அந்த வரி வந்ததும் நின்னுட்டார். அப்புறம், தாமதத்தை மன்னிச்சாச்சு, கேஸை எடுத்துக்கறேன்னுட்டார். வெளியே வந்து நான் குதிக்காத குறை. முனிரத்தினம் மட்டும் ஓரமா நின்னு வேர்வையைத் துடைச்சிட்டிருந்தார். கமலாம்மாதான் நாமினி, அதனால இனிமே சில பேப்பர்ல அவங்க கையெழுத்து வேணும். விஷயத்தைச் சொல்லித்தான் ஆகணும். மெதுவாப் பக்கத்துல வந்தார். "கோர்ட்டு மன்னிச்சுடுச்சு மேடம். வீட்டுக்கும் இதே மாதிரி ஒரு மனு எழுதித் தருவீங்களா?"

எந்த நீதிபதி முன்னாலயும் பயப்படாத நான், அந்தக் கோர்ட்டுல மட்டும் ஆஜராக முடியாதுன்னு கையெடுத்துக் கும்பிட்டுட்டேன்.