புஷ்பராணி அக்கா கடைசியாகப் பேசியது

கிரான் பாலத்தடியில் தெருவை மூடி வெள்ளம் நின்றது. அக்கரைக்குப் போக உழவு இயந்திரத்துக்காகக் காத்திருந்தபோதுதான் அலுவலகத்திலிருந்து அழைப்பு வந்தது. புஷ்பராணி அக்கா காலமாகிவிட்டார். பல வருடம் எனக்குப் பக்கத்து மேசைக்காரி. நின்ற இடத்திலேயே அழுதேன்.

அவரோடு வேலை செய்த நீங்கள் எல்லோரும் ‘திகதியக்கா’ என்றுதான் சொல்வீர்கள். அந்தப் பட்டத்தை வைத்தவன் நான். நெல் மூழ்கிப்போனால் விவசாயிகள் நட்டஈட்டுக்காகத் தங்கள் வயல் வட்டையை வீடியோ எடுத்துக்கொண்டு எங்கள் அலுவலகத்துக்கு வருவார்கள். நான் கேபிளைக் கொளுவி அப்படியே கணினிக்கு இழுக்கப் போனால் அக்கா மணிக்கட்டைப் பிடித்துவிடுவார்.

“முதல்ல போனிலயே எல்லாத்தையும் ஒரே ஃபைலாச் சுருக்கி சிப் பண்ணுங்க தம்பி, மறுகா இழுங்க. இல்லாட்டி எல்லாம் இண்டைக்கு எடுத்த மாதிரிக் காட்டும். இந்த வெயிலுக்க வெள்ளம் வந்ததெண்டா ஆர் நம்புவாங்க?”

“ஃபைலுக்குச் சாதகம் எழுதப் போறீங்களா அக்கா?” என்று கேலி பண்ணுவேன். “ஓம், பிறந்த நாள் தெரியாட்டி எப்படி எழுதுற?” என்பார்.

நோயில் விழுந்த பிறகு, கட்டாரில் வேலை செய்யும் மகன் கஜனுக்காகத் தன் போனில் குரல் பதிந்து வைத்தார். அனுப்பவில்லை. “என்ட இளைப்பைக் கேட்டா வேலையை விட்டுட்டு ஓடி வந்திருவான்” என்றார். ஒவ்வொன்றுக்கும் தானே பெயர் வைத்திருந்தார்: ‘மழை’, ‘கறிவேப்பிலை’, ‘உன்ட சைக்கிள்’.

எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவுக்கு மறுநாள், அவற்றை மகனுக்கு அனுப்பும் பொறுப்பு என்னிடம் வந்தது. கேபிளைக் கொளுவினேன். அப்படியே இழுத்தேன். போனில் இருந்ததையெல்லாம் அழித்து, பாவிக்கட்டும் என்று அக்காவின் தங்கையிடம் கொடுத்தேன். பிறகுதான் பார்த்தேன், எல்லாப் பதிவுக்கும் அன்றைய திகதி. செத்து எட்டு முடிந்த பிறகு அக்கா மகனோடு பேசியிருக்கிறார் என்கிறது கணினி. கூனிக் குறுகிப் போனேன்.

அப்படியே அனுப்பிவைத்தேன். கேட்டுவிட்டுக் கஜன் அழைத்தான். “மாமா, அம்மா கடைசியாப் பேசினது எது?”

பதிவுகளின் பட்டியலை மேலும் கீழும் உருட்டினேன். அதற்குள் அவனே தொடர்ந்தான்.

“சைக்கிளைச் சொல்லிச் சிரிக்கிறாவே, அதுதானே?”

“ஓம் மகன்” என்றுவிட்டேன். அவன் அழுதான், ஆறுதலோடு.

கஜன், இதை நீயும் படிப்பாய். அதுதான் கடைசிப் பதிவா என்று எனக்குத் தெரியாது. மூச்சு எதில் அதிகம் இளைக்கிறது என்று கேட்டு வரிசைப்படுத்தப் பார்த்தேன். எல்லாவற்றிலும் இளைக்கிறது, சிரிக்கும் அந்தப் பதிவிலும்தான்.

அக்காவிடமிருந்து எனக்கு எஞ்சியது அவர் பிடித்த இந்த மணிக்கட்டு. யாராவது போனை நீட்டினால் கை தானாக நிற்கிறது. சிப் பண்ணிவிட்டுத்தான் இழுக்கிறேன். அவருடைய போனுக்கு மட்டும் அது நிற்கவில்லை.