மாப்பிள்ளைத் தண்ணி ஏறிய வண்டி

உச்சிப்புளிப் பக்கத்துக் கடற்கரை ஊர்களுக்குக் கள ஆய்வுக்குப் போகிறோம், வழி சொல்லுங்கள் என்று பொதுச் சுகாதாரம் படிக்கும் இரண்டு பேர் போன பதிவின் கீழே கேட்டிருந்தீர்கள். இன்றைய வழியைக் கைபேசியே காட்டிவிடும். நான் போன வழியைத்தான் என்னால் சொல்ல முடியும். அணா போய் நயா பைசா வந்த புதிது. ஒரு பங்குனி மாதம். ராமநாதபுரத்தில் நான் சுகாதார விசிட்டராக வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். கடலோர ஊர் ஒன்றில் வாந்திபேதி கண்டு இரண்டு பேர் இறந்துவிட்டார்கள், உடனே கிளம்பு என்று உத்தரவு வந்தது. ஊர்ப் பெயரைச் சொல்லமாட்டேன். அங்கே இன்றும் பெண் கொடுத்து எடுத்துக்கொண்டிருக்கிறார்கள், நான் ஏன் குறுக்கே நிற்க வேண்டும்?

சுகாதார இன்ஸ்பெக்டர் சண்முகநாதன் எனக்கு முன்பே அங்கே போயிருந்தார். ஆனால் அது முஸ்லிம்கள் வாழும் ஊர். பெண்கள் அந்நிய ஆண்கள் முன்னால் வரமாட்டார்கள். வீட்டு ஆண்களில் பாதிப்பேர் வியாபாரத்துக்குக் கொழும்பு போயிருந்தார்கள். அவர் வாசலில் நின்று கேட்பார், உள்ளேயிருந்து ஒரு குரல் பதில் சொல்லும். அடுப்படி வரைக்கும் போக ஒரு பெண் வேண்டும் என்றுதான் என்னைக் கூப்பிட்டார்.

காலை ஆறரை ரயில். உச்சிப்புளிக்குப் பத்து மைல் சொச்சம். டிக்கெட் கொடுக்கிற இடத்தில் அணாவை நயா பைசாவாக மாற்றுவதில் ஒரு சண்டை. யாருக்குமே கணக்குப் புரியவில்லை, கொடுப்பவருக்கும் சேர்த்து. உச்சிப்புளியில் இறங்கி, ஒரு ரூபாய்க்கு மாட்டுவண்டி பேசினேன். வண்டிக்காரர் முத்துக்கருப்பன், கமுதிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர். கடற்கரைக்கு ஐந்து மைல், மணல் தடம். இரண்டு பக்கமும் பனையும் உடைமரமும், நிழல் என்று சொல்ல ஒன்றுமில்லை.

ஏறி உட்கார்ந்த ஐந்தாவது நிமிடம் சேலை ஈரமாகிவிட்டது. வைக்கோல் நனைந்து கிடந்தது. மழை பெய்து மூன்று மாதமாகிறது, வண்டியில் எப்படி ஈரம் என்று கத்தினேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம், அன்றைக்கும் அப்படித்தான்.

"கோவிச்சுக்கிறாதீங்க நர்சம்மா. நேத்து தவலைத் தண்ணி ஏத்திட்டுப் போனேன், தளும்பிருச்சு. இங்கன இருக்கிற நல்லதண்ணி ஊர்ல இருந்து அந்தக் கடக்கரை ஊருக்கு. உங்கள எறக்கிவிட்டுட்டுத் திரும்பவும் ஏத்தத்தான் போறேன்" என்றார்.

விலைக்குத் தண்ணீர் விற்கிறார்கள் போலிருக்கிறது என்று நினைத்து, சேலையைப் பிழிந்துகொண்டு விட்டுவிட்டேன்.

ஊருக்குள் போனபோது மணி பத்து. சண்முகநாதன் இரண்டு நாள் தூங்காத கண்ணோடு ஒரு வேப்பமரத்தடியில் நின்றிருந்தார். நல்ல மனிதர். அவருக்குப் புரியாத விஷயம் இதுதான்: ஊருக்கு ஒரே பொதுக்கிணறு, லேசாக உப்புக் கரிக்கும், எல்லோரும் அதைத்தான் குடிக்கிறார்கள். கிணறுதான் காரணம் என்றால் தெருவே படுத்திருக்க வேண்டும். இங்கேயோ ஒரு வீடு விட்டு, நாலு வீடு விட்டு நோய் விழுந்திருந்தது. அவர் கிணற்றுக்கு மருந்து போட்டார். தண்ணீர் கத்தரிப்பூ நிறத்துக்கு மாறியது. அதற்குப் பிறகு அதே வீடுகளில் இன்னும் சிலர் படுத்தார்கள்.

"மருந்து போட்டா குறையணும்மா, கூடுதே" என்றார்.

என்னை முதலில் சுலைகா வீட்டுக்கு அனுப்பினார். சுலைகாவுக்குப் பத்தொன்பது வயது, ஏழு மாதக் கர்ப்பிணி. கண் குழிந்து, உதடு காய்ந்து, துணிபோலக் கிடந்தாள். மண்டபத்திலிருந்து வந்த டாக்டர் காலையில் சலைன் ஏற்றிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போயிருந்தார். இன்னொரு தடவை வயிற்றால் போனால் தாயும் பிள்ளையும் தங்கமாட்டார்கள் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தாராம். அவள் புருஷன் ஜமால் வாசற்படியில் உட்கார்ந்து, வெட்கமில்லாமல் அழுதுகொண்டிருந்தான். எனக்கு அந்தப் பையனைப் பிடித்துப்போனது.

அந்த ஊர் வழக்கத்தில் கல்யாணமானால் பெண் புகுந்த வீட்டுக்குப் போவதில்லை. மாப்பிள்ளைதான் பெண் வீட்டில் வந்து தங்குவார். ஜமாலும் அப்படி வந்தவன்தான், கல்யாணமாகி ஒரு வருஷம்.

சுலைகாவின் உம்மா கதீசாவிடம் எந்தத் தண்ணீர் குடிக்கிறீர்கள் என்று கேட்டேன். "ஊர்க் கிணறுதாம்மா, வேற எது?" என்றார். இன்ஸ்பெக்டருக்குக் கிடைத்த அதே பதில். அப்போது சுலைகா முனகினாள். "தண்ணி." கதீசா எழுந்து, அடுப்படியில் இருந்த பெரிய பானையைத் தாண்டிப் போனார். மகள் அறையின் மூலையில், புளி போட்டுத் தேய்த்துத் தங்கமாக மின்னிய ஒரு செப்புத் தவலை, வாயில் வெள்ளைத் துணி கட்டி, மணை மேல் இருந்தது. அதில் டம்ளரை விட்டார்.

எனக்கு என் சேலையின் ஈரம் ஞாபகம் வந்தது. டம்ளரைப் பிடித்துக்கொண்டேன். "இது எந்தத் தண்ணி?"

"இது நாங்க குடிக்கிற தண்ணி இல்லம்மா. மாப்பிள்ளைத் தண்ணி" என்றார் கதீசா. முகத்தில் கூச்சம். "நல்லதண்ணி ஊர்ல பொறந்த புள்ளைக்கு இந்த உப்புத்தண்ணி எறங்காதுல்ல? அவுக உம்மா மைமூன் வாரா வாரம் மவனுக்கு அனுப்பும். அவரும் சுலைகாவும்தான் குடிப்பாக. மாப்பிள்ளை தண்ணியில நாம கை வைக்கிறது கவுரவமா? இப்பக் கெணத்துல மருந்து வாடை அடிக்குதுன்னு, ஊருக்குத் தெரியாம நாங்களும் ஒரு வாய்..."

நான் சண்முகநாதனிடம் ஓடினேன். நோய் விழுந்த வீடுகளை மறுபடி சுற்றினோம். அத்தனையும் அந்த ஒரே நல்லதண்ணி ஊரிலிருந்து மாப்பிள்ளை எடுத்த வீடுகள். அத்தனை வீட்டு மூலையிலும் ஒரு தவலை. நாங்கள் போட்ட மருந்தின் வாடைதான் மீதிப்பேரையும் அந்தத் தவலைகளின் பக்கம் தள்ளியிருந்தது.

முத்துக்கருப்பன் ஏற்றப் போவதாகச் சொன்ன அடுத்த வண்டித் தண்ணீர் அன்றைக்கே வரவிருந்தது. சண்முகநாதனுக்கு வந்த கோபத்தில், ஊர் முகப்பிலேயே தவலைகளைக் கவிழ்த்துவிடுவேன் என்றார். நான் குறுக்கே நின்றேன். "தெருவில் கவிழ்த்தால் தண்ணீர் அனுப்பிய தாய் இந்த ஊரில் எப்படி முகம் காட்டுவாள்? மற்ற தாய்மார்கள் நாளைக்கு முக்காட்டுக்குள் ஒளித்துக்கொண்டு வந்து கொடுப்பார்கள். அப்புறம் நீங்களும் நானும் கண்டுபிடிக்கவே முடியாது" என்றேன். அவர் என்னை முறைத்தார். பிறகு, "சரி, உன் பொறுப்பு" என்றார்.

வெயில் இறங்கியதும் வண்டி வந்தது. முத்துக்கருப்பன் பின்னால் மூன்று தவலைகள். அவற்றை அணைத்துப் பிடித்தபடி மைமூன், மருமகளைப் பார்க்க வந்திருந்தார். நான் தவலைகளை நேரே சுலைகா வீட்டு அடுப்படிக்கு எடுத்துப்போகச் சொல்லி, கதவைச் சாத்தினேன். உள்ளே மைமூன், கதீசா, நான், மூன்று பேர்தான்.

உங்கள் ஊரில் யாருக்காவது வயிற்றால் போகிறதா என்று கேட்டேன்.

"அங்கன நாலஞ்சு பேருக்குப் போச்சு. மாங்காயத் தின்னதுன்னு இருந்தோம். ஊருணி வத்திப்போச்சு, அங்கனதான் துவைக்கிறோம், அங்கனதான் மொள்ளுறோம். ஏம்மா கேக்குற?"

சொன்னேன். சுற்றி வளைக்கத் தெரியவில்லை. மைமூன் மின்னும் தவலையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தன் உள்ளங்கைகளைத் திருப்பிப் பார்த்தார்.

"எங் கையாலயா?" என்றார்.

கதீசா ஏதாவது சொல்லிவிடுவாரோ என்று பயந்தேன். மகள் உயிர் ஊசலாடும் ஒரு தாய் என்ன சொன்னாலும் தப்பில்லை. கதீசாவோ அடுப்பில் விறகைத் தள்ளி, தீயை ஊதினார்.

"இதே தண்ணிதான், உம்மா. தளதளன்னு கொதிக்கட்டும். அப்புறம் உங்க கையாலயே கொடுங்க" என்றேன்.

மைமூன் தவலையை அப்படியே அடுப்பில் ஏற்றினார். கொதித்த தண்ணீரில் உப்புப் போட்டுக் கஞ்சி வைத்தோம். ஆறியதும், பிஸ்மி சொல்லி, மைமூன் ஒவ்வொரு கரண்டியாக மருமகளுக்கு ஊட்டினார். டாக்டர் வந்து இன்னொரு பாட்டில் ஏற்றினார். விடியும்போது சுலைகா தானாகவே புரண்டு படுத்து, வெளிச்சம் கண்ணைக் கூசுகிறது என்று எரிந்து விழுந்தாள். நான் அடுப்படிக்குப் போய் அழுதேன்.

நல்லதண்ணி ஊர் ஊருணிக்கு மருந்து போட்டு, ஊசி போட்டு, இரண்டு வாரத்தில் நோய் அடங்கியது.

இனி நீங்கள் கேட்ட குறிப்புகள். பங்குனி, சித்திரையில் போனால் காலையிலேயே கிளம்புங்கள், பத்து மணிக்கு மேல் அந்த மணலில் நடக்க முடியாது. உங்கள் தண்ணீரை நீங்களே கொண்டுபோங்கள். வீட்டுக்குள் விட்டால் உட்கார்ந்து பேசுங்கள். எந்தத் தண்ணீர் குடிக்கிறீர்கள் என்று மட்டும் கேட்காதீர்கள், யாருக்கு யார் என்ன கொடுத்தனுப்புகிறார்கள் என்றும் கேளுங்கள். அன்பாக வருவதை யாரும் கணக்கில் சொல்வதில்லை.

சுலைகாவுக்குப் பெண் குழந்தை பிறந்தபோது பார்க்கப் போனேன். அதே முத்துக்கருப்பன், அதே வண்டி. பக்கத்தில் மைமூனின் தவலை. சம்பந்தி வீட்டுக்கு அழுக்குப் பாத்திரம் அனுப்புவது அங்கே பெரிய அவமானம். ஆனால் அந்தத் தவலையின் அடி கன்னங்கரேலென்று கரி பிடித்திருந்தது. தேய்த்து அனுப்பக் கூடாதா, சேலையெல்லாம் கரியாகிறதே என்று முணுமுணுத்தேன்.

"தேய்க்கக் கூடாதுன்னு மைமூன் உம்மா உத்தரவு. அடுப்புல ஏறுன தவலைன்னு பாத்தாலே தெரியணுமாம். இப்ப அந்த ஊர்ல அடியில கரி இல்லாத தவலைய எந்த வீட்லயும் எறக்கவிட மாட்டாக, நர்சம்மா" என்றார் முத்துக்கருப்பன்.