காப்பின் மேல் ஒரு சுற்று டேப்

மலேசியாவின் ஈப்போவில் ஒரு பட்டறையில் பழைய கார்களுக்குக் குரோம் பட்டை பொருத்துவது என் வேலை. பெயிண்ட் காய்ந்த பிறகுதான் என் முறை வரும். அன்று கதவில் பட்டையை அழுத்தியபோது, என் கையிலிருந்த வெள்ளிக் காப்பு புதுப் பெயிண்டைக் கீறிவிட்டது. மகளுக்கு உடம்பு தேற வேண்டிக்கொண்டு போட்ட காப்பு. தைப்பூசம்வரை கழற்றக் கூடாது.

தப்பு என்னுடையது. ஆனாலும் கோபம் எனக்குத்தான் வந்தது.

"இத கழட்டச் சொல்லாதீங்கண்ணே. வேற ஆள வச்சுக்குங்க," என்று பெயிண்டரிடம் முறைத்தேன். அவர் கோப்பெங் எஸ்டேட்டில் தமிழர்களோடு வளர்ந்த சீனர். தமிழ் நன்றாகவே பேசுவார்.

"யாரு கழட்டச் சொன்னா? போய் சாப்ட்டு வா லா," என்றார்.

கதவைத் தேய்த்து மறுபடி பெயிண்ட் அடித்தார். அது காய்ந்து நான் பட்டையை எடுத்த அன்று, "கைய நீட்டு," என்றார். பெயிண்டில் கீறல் விழாமல் இருக்க, ஒட்டும் காகித டேப்பை காப்பு மறையும்படி சுற்றினார்.

"பாப்பா எப்படி இருக்கு?" என்று கேட்டார்.

தைப்பூசம்வரை தினமும் காலையில் அவர்தான் சுற்றிவிட்டார். காப்பைக் கோயிலில் செலுத்திவிட்டு வேலைக்குத் திரும்பிய அன்றும், வெறுங்கையை நீட்டிக்கொண்டு அவர் முன்னால் போய் நின்றேன்.