அண்ணன் கோட்டுல நான் போட்ட மூஞ்சி

அண்ணன் செத்ததுக்கு அப்புறம் நான் படம் வரையுற டேப்லட்டத் தொடவே இல்ல. வெறும் காய்ச்சல்னு படுத்தவன். காலையில என்னைக் கூப்பிட்டு, "மொகிங்கா வாங்கிட்டு வா, வாழத்தண்டு கூடப் போடச் சொல்லு"ன்னான். வாங்கிட்டு மாடியேறி வந்தேன். அம்மா அவன் கையப் புடிச்சுக்கிட்டு ஒரு மாதிரி உக்காந்திருந்தாங்க. மொகிங்கா மீன் சூப்பு பை என் கையில சுட்டுக்கிட்டே இருந்துச்சு, கீழ வைக்கணும்னு கூடத் தோணல. இன்னைக்கு வரைக்கும் எனக்கு அது விளங்கல.

எங்க வீடு பர்மாவுல, பபேடான்ல. கீழ தெரு முனையில அம்மா சமூசா கடை போடுறாங்க. சமூசாவக் கத்திரியால வெட்டி, கோசும் புதினாவும் போட்டு, புளித்தண்ணி ஊத்திப் பிசைஞ்சு குடுப்பாங்க. நானும் அண்ணனும் மேல உக்காந்து பண்ணின வேலைய யாருக்கும் சட்டுனு சொல்லிப் புரிய வைக்க முடியாது. உலகத்துல இல்லாத ஒரு ஆள வரைவோம். மூஞ்சி, முடி, உடுப்பு, முன்பக்கம், பின்பக்கம் எல்லாம். ஆன்லைன்ல போடுவோம். யாரு அதிக விலை கேக்குறாங்களோ அவங்களுக்கு அந்த ஆளு சொந்தம். பேரு வைக்கிறதும் அவங்கதான், கதை எழுதுறதும் அவங்கதான். வித்ததுக்கு அப்புறம் அந்த ஆள நாங்க திருப்பி வரையக் கூடாது. இந்தத் தொழில்ல அதான் வழக்கம். அடாப்ட்டுன்னு சொல்லுவாங்க, தத்துக் குடுக்குற மாதிரி.

அம்மாவுக்கு இது ஒரே சிரிப்பு. "புள்ள பெத்து வெள்ளைக்காரனுக்கு விக்கிறீங்க. நல்ல தொழில்டா."

"விக்கலம்மா, தத்துக் குடுக்குறோம்"பான் அண்ணன்.

"தத்துக் குடுத்தா நாமதானடா சீர் செய்யணும். அவன் எதுக்கு உனக்குக் காசு தரான்?"

கோடு எல்லாம் அண்ணனோடது, கலர் என்னோடது. கம்ப்யூட்டர்ல கலர் போடுறது எப்படின்னா, கோடு மூடியிருந்தா உள்ள ஒரு தட்டு தட்டினாப் போதும், ரொம்பிடும். மூடலன்னா கலர் வெளிய ஓடி பக்கம் முழுக்கப் பரவிடும். அண்ணன் தாடைக் கோட்ட எப்பவும் கொஞ்சம் திறந்தே விடுவான். "மூடித் தொலையேன்"னு கத்துவேன். "மூடினா அதுக்கு மூச்சு முட்டும். நீ பாத்து ஊத்து, சாயக்காரி"ம்பான். அவன் கோடு ஒரு இடத்துல தடியா, ஒரு இடத்துல மயிரு மாதிரி இருக்கும். அந்தக் கோட்டுக்காகத்தான் ஆளுங்க வந்தாங்க. எங்க ஆன்லைன் கடையில ரெண்டு பேருன்னு நாங்க யாருக்கும் சொன்னதில்ல, யாரும் கேட்டதுமில்ல.

மலேசியாவுல இருக்குற மாமா பையன்தான் எங்களுக்குக் காசு வாங்கித் தர்றவரு. வெளிநாட்டுக் காசு இங்க நேரா வராது. அத்தான் ஒருநாள் போன் போட்டாரு.

"என்ன, கடையச் சாத்திட்டியா? என்கிட்ட எல்லாரும் கேக்குறாங்க."

"வரைய ஆள் இல்லையே அத்தான்."

"நீ ஆள் இல்லையா?"

"எனக்குக் கோடு வராது."

"அப்ப கோடு இல்லாமப் போடு. இல்லன்னா ஊரே போடுற மாதிரி மூஞ்சி பாதி கண்ணா வச்சுப் போடு. ஏதோ ஒண்ணு முடிவு பண்ணு. ஆனா மாத்தி மாத்திப் போட்டேன்னா ஒருத்தனும் நிக்க மாட்டான், சொல்லிட்டேன்."

அது நெசம். வாங்குறவங்க ஒரு ஸ்டைலப் பாத்துத்தான் நிப்பாங்க. நான் எட்டாங் கிளாஸோட நின்னவ, எனக்கு வேற வேலையும் தெரியாது. அம்மா கடைய மட்டும் வச்சு வீட்டு வாடகை ஓடாது. சரின்னு ஒரே ஆள ரெண்டு விதமாப் போட்டு வச்சு, எத வாங்குவாங்கன்னு கேக்கலாம்னு நெனச்சேன். மழைத்தண்ணி நிக்கிற தெருவுல லோஞ்சி கைலிய முட்டிக்கு மேல தூக்கிக்கிட்டு, செருப்பக் கையில வச்சுக்கிட்டு நடக்குற ஒரு பொண்ணு. முதல்ல என் வழியில போட்டேன். கோடே கிடையாது, கலர் மட்டும். தனாக்கா மரப்பட்டை அரைச்சுப் பூசின கன்னம் மாதிரி ஓரமெல்லாம் மங்கலா இருக்கும். ரெண்டாவது பெரிய கண்ணு.

ரெண்டு போதும்னுதான் இருந்தேன். அதுக்குள்ள கரண்டு போயிடுச்சு. மத்தியானம் திரும்ப வந்ததும் தெருவே "மீ லா பியீ"ன்னு கத்துச்சு, கரண்டு வந்துருச்சுன்னு. நான் டேப்லட்டச் சார்ஜ்ல போட்டுட்டு, சும்மா உக்காந்திருக்க முடியாம அதே பொண்ண இன்னொரு தடவ இழுத்தேன். எதையும் யோசிக்கல. மூஞ்சிக்குக் கலர் தட்டினேன்.

கலர் வெளிய ஓடி பக்கம் முழுக்கப் பரவிடுச்சு.

தாடை திறந்திருந்துச்சு. நான் திறந்து விடல. திறக்கணும்னு நெனைக்கவுமில்ல. பேனாவ விட்டுட்டு எழுந்து சுவரோட போய் நின்னேன். என் கையப் பாத்தாலே பயமா இருந்துச்சு. அவன் கோடு அப்படியே இருக்கு, தடிச்ச இடம், மெலிஞ்ச இடம், எல்லாம். அத்தனை வருசமா அவன் கோட்டுக்குள்ளயே கலர் ஊத்தினவ. கை அது பாட்டுக்குக் கத்துக்கிட்டிருக்கு, என்கிட்ட சொல்லவே இல்ல.

ஓட்டைய அடைச்சுக் கலர் போட்டு முடிச்சேன். மூணையும் சேத்தே ஆன்லைன்ல போட்டேன். எதுக்கு மூணாவதையும் போட்டேன்னு கேட்டா, ஒருத்தராவது பாத்துட்டு "இது அவன் கோடு இல்லையே"ன்னு சொல்லுவாங்கன்னு இருந்துச்சு. அப்படி யாராவது சொல்லிட்டா எனக்குப் போதும்.

அரை நாளுக்குள்ள எல்லாரும் மூணாவதத்தான் கேட்டாங்க. இங்கிலீஷ் எனக்குத் தெரியாது, போன்ல பர்மா பாஷைக்கு மாத்தித்தான் படிப்பேன். ஒருத்தரு, "வந்துட்டியா? செத்துட்டியோன்னு நெனச்சேன்"னு எழுதி சிரிக்கிற மூஞ்சி போட்டிருந்தாரு. அதுக்குக் கீழ இன்னொருத்தரு, "நீ இதுவரைக்கும் போட்டதுலயே இதான் நல்லா இருக்கு."

அண்ணன் போட்டதெல்லாம் எங்க போச்சு அப்ப?

அத்தானுக்கு சந்தோசம் தாங்கல. "பாத்தியா? அவன் கை உனக்கு வந்துடுச்சு. இதையே புடிச்சுக்க."

"அது அண்ணனோடது."

"கடை ரெண்டு பேரோடதும்தானே? அவனே இருந்தா, போடு சாயக்காரின்னுதான் சொல்லுவான்."

இப்படியே போட்டுக்கிட்டிருந்தா அவன் செத்தது ஒருத்தருக்கும் தெரியாது. வருசக் கணக்கா அவன் அங்க உயிரோடயே இருப்பான், நான்தான் இருக்க மாட்டேன். போடலன்னா கடையே இல்ல.

அம்மா கோசு எடுக்க மேல வந்தவங்க டேப்லட்டப் பாத்துட்டு நின்னுட்டாங்க.

"இத எப்ப போட்டான்? எனக்குக் காட்டவே இல்லையே."

எண்ணெக் கையத் துடைச்சுட்டு அந்தப் படத்தத் தொட்டுக் கண்ணுல ஒத்திக்கிட்டாங்க. நான் வாயத் திறக்கறதுக்குள்ள டேப்லட்டத் தூக்கிக்கிட்டு இறங்கிட்டாங்க. நான் பின்னாடியே ஓடினேன். பக்கத்துக் கடை வெத்தல விக்கிற பர்மாக்கார அக்காகிட்ட, என் மகன் கடைசியா வரைஞ்சது பாருன்னு காட்டிக்கிட்டு இருந்தாங்க. அந்தக்கா நாக்கத் தட்டி, "எவ்வளவு அழகு, பாவம்"னுச்சு. நான் படியிலயே நின்னுட்டேன். பெத்தவங்களுக்கே தெரியல.

அந்தக்கா அந்தப் பக்கம் திரும்பினதும் சொன்னேன்.

"அம்மா, அது நான் போட்டது."

"கலரா?"

"கோடும்."

அம்மா என்னையே பாத்தாங்க. அறைவாங்கன்னு நெனச்சேன். டேப்லட்ட என்கிட்ட நீட்டிட்டு, கத்திரிய எடுத்து வந்த ஆளுக்கு சமூசா வெட்டினாங்க. அந்த ஆளு தின்னு முடிச்சுப் போனதும் கேட்டாங்க.

"வாங்குறவங்ககிட்ட சொல்லிட்டியா?"

"இல்ல. சொன்னா வாங்க மாட்டாங்கம்மா."

"வாங்காட்டி போறாங்க. அவன் போனத சொல்லாம எப்படிடி இருப்ப? தெருவுல நாய்க்குக் கூடத் தெரியும்."

விலை கேக்க ஆரம்பிச்சதுக்கு அப்புறம் படத்தப் பின்னாடி இழுக்கக் கூடாது, இழுத்தா பேரு கெட்டுடும். அதனால ஏல நேரம் முடியுற வரைக்கும் விட்டேன். கடைசியா அதிக விலை கேட்டது ரொம்ப நாளா எங்ககிட்ட வாங்குற ஒருத்தங்க. ஆணா பொண்ணான்னு கூடத் தெரியாது. அவங்க கிட்ட அண்ணன் போட்ட ஆளுங்க நெறைய இருக்கு. அவங்க காசு அனுப்புறதுக்கு முன்னாடி அவங்களுக்கு மட்டும் எழுதினேன். கோடு போடுறது என் அண்ணன், அவன் செத்துட்டான், இது நான் போட்டது, வேணும்னா எடுத்துக்கங்கன்னு. அனுப்பிட்டு போனக் குப்புறக் கவுத்து வச்சுட்டேன்.

மறுநாள் கடையில கோசு நறுக்கிக்கிட்டு இருக்கும்போது பதில் வந்துச்சு. முதல் வரியே, "அப்படின்னா எனக்கு இது வேணாம்"னு இருந்துச்சு. கீழ இன்னும் இருந்துச்சு. படம் நல்லா இருக்கு, உங்க மேல கோவம் இல்ல, நான் கேட்டது அவரோடது, இது அவரோடது இல்ல. என்கிட்ட இருக்குற அவரு ஆளுங்கள்ல ஒண்ணு ரெண்ட வேற ஒருத்தருக்குக் குடுத்துடலாம்னு இருந்தேன், இனிமே குடுக்க மாட்டேன். அவரு பேரு என்ன?

படத்தப் பாத்த ஆளுங்க எல்லாரும் அது அவன்தான்னு சொன்னாங்க, அம்மா உள்பட. எங்கயோ மூஞ்சி தெரியாத ஒரு ஆளு, அவன் இல்லன்னா வேணாம்னு சொல்லிட்டாங்க. அம்மாவுக்கு அத தமிழ்ல சொல்லிக் காட்டினேன்.

"வேணாம்னுட்டாங்களா?"

"ஆமாம்மா."

"நல்ல மனுசங்க"ன்னாங்க அம்மா. முந்தானையால மூக்கத் துடைச்சுக்கிட்டு, "பேரக் கேட்டாங்கல்ல, எழுதி அனுப்பு. முழுப்பேரும் எழுது."

எழுதி அனுப்பினேன். மூணாவது படத்தையும் பெரிய கண்ணு படத்தையும் எடுத்துட்டேன். மங்கலாப் போட்டது மட்டும் அங்க இருக்கு, இனிமே இப்படித்தான் போடுவேன்னு கீழ எழுதியிருக்கேன். அத்தான் தினம் போன் போட்டுத் திட்டுறாரு. அந்தப் பொண்ண இன்னும் யாரும் கேக்கல. இன்னைக்கு காலையில இன்னொரு ஆள ஆரம்பிச்சிருக்கேன்.