ரோப்காரின் மணிக்கயிறு

ரோப்காரின் கீழ் நிலையத்தில் மெஷின் ஓட்டுகிறவருக்கு உயரம் என்றாலே பயம். சொன்னால் யார் நம்புவார்கள்? பத்தொன்பது வருடமாக நகரத்துக் கூட்டத்தையெல்லாம் மலைக்கு ஏற்றி இறக்கிய மனிதர், ஒருநாள்கூட அந்தப் பெட்டிக்குள் கால் வைத்ததில்லை. தயங்கி நிற்கிற பயணிகளிடம் மட்டும் வாய் கிழியப் பேசுவார்: "தைரியமா ஏறுங்க, கீழ நான் இருக்கேன்ல."

விஷயம் தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஒருத்தி அவர் மனைவி. பெட்டிக்குள் ஆள் எண்ணி, கதவு சாத்தி, தினம் பதினான்கு தடவை மலையேறுகிறவள். இன்னொருத்தி மகள்.

பெட்டியில் ஒரு கயிறு தொங்கும். மனைவி அதை இழுத்தால் கீழே மணி அடிக்கும். மூன்று தடவை என்றால் கிளம்பு, இரண்டு என்றால் மெதுவாக, ஒன்று என்றால் நில். கேட்டுவிட்டதற்கு அடையாளமாக அவரும் அதே கணக்கில் திருப்பி அடிக்க வேண்டும். அது பெட்டிக்குள் ஒலிக்கும். இந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. சண்டை போட்டுப் பேசாமல் இருக்கும் நாட்களில் அவள் தம்ளரை மூன்று தட்டு தட்டினால் சாப்பாடு தயார். அவரும் மூன்று தட்டிவிட்டு வந்து உட்காருவார். ரோஷமும் குறையாது, வயிறும் நிறையும்.

இப்போது மகள் மலை உச்சியில் போட்டோ கடை போட்டிருக்கிறாள். மேலே போக ரோப்காரை விட்டால் வேறு வழி கிடையாது.

"முதல் போட்டோ உங்க ரெண்டு பேரையும்தான் எடுப்பேன். நீங்க வரலன்னா கடையே திறக்க மாட்டேம்பா," என்று சொல்லிவிட்டாள். பிடிவாதத்தில் அப்பாவை உரித்து வைத்திருக்கிறாள்.

வேறு வழியில்லாமல் மெஷினை மாற்று ஆளிடம் ஒப்படைத்துவிட்டு அவர் ஏறினார். மணி மூன்று தடவை அடித்தது. பெட்டி தரையை விட்டதுமே கைப்பிடியை இறுக்கிப் பிடித்து, கண்ணை மூடிக்கொண்டார்.

"ஏங்க, கண்ணைத் திறங்க. எல்லாரும் பாக்கறாங்க," என்றாள் மனைவி மெதுவாக.

"பாக்கட்டும். நீ எப்படித்தான் தினம் போறியோ."

"எனக்கும் பயம்தாங்க. முதல் நாள்லேர்ந்தே."

அவர் கண் தானாகத் திறந்துகொண்டது. "சொல்லவே இல்லையே நீ."

"சொன்னா வேலைய விடுன்னுவீங்க. கீழ நீங்க இருக்கீங்கங்கற தைரியத்துலதான் ஏறுவேன். இன்னைக்குத்தான் கீழ நீங்க இல்ல."

அப்போதுதான் அவள் முகத்தைப் பார்த்தார். நெற்றியெல்லாம் வேர்த்திருந்தது. நடுத்தூண் நெருங்கிக்கொண்டிருந்தது, அங்கே பெட்டி குலுங்கும். மாற்று ஆள் வேகத்தைக் குறைப்பதாகத் தெரியவில்லை. அவள் கயிற்றுக்குக் கை நீட்டுமுன் இவர் கை முந்திக்கொண்டது. இரண்டு தடவை இழுத்தார். கீழேயிருந்து இரண்டு தடவை பதில் வந்தது. பெட்டி தவழ்ந்து தூணைத் தாண்டியது. இன்னொரு கையால் அவள் கையைப் பிடித்திருந்தார். எப்போது பிடித்தார் என்று அவருக்கே தெரியாது.

முதல் போட்டோவில் இரண்டு பேர் முகமும் வெளிறிப்போயிருக்கிறது. அதிலும் அவர் அந்தக் கையை விடவில்லை. மகள் அதைப் பெரிதாக்கிக் கடை வாசலிலேயே மாட்டிவிட்டாள்.

அடுத்த நாளிலிருந்து நடுத்தூணில் பெட்டி ஆமையாய் ஊர்கிறது. மேலதிகாரி ஏனென்று கேட்டதற்கு, "கம்பிக்கு நல்லதுங்க," என்றார் மெஷின்காரர். தூண் வருகிற நேரத்தில், அவள் கயிற்றைத் தொடுவதற்கு முன்பே, கீழேயிருந்து இரண்டு தடவை மணி அடிக்கிறது. அவளும் இரண்டு தடவை திருப்பி அடிக்கிறாள்.