குறிப்புகளுக்கான கட்டம்

அப்போது புதுச்சேரியில் ஓர் ஆய்வு நிறுவனத்தில் வேலை பார்த்தேன். ஆலை மூடியபின் தொழிலாளர் குடும்பங்கள் எப்படிப் பிழைக்கின்றன என்று முத்தியால்பேட்டையில் வீடு வீடாகப் போய்க் கேட்டு எழுதினோம். பதில்களைக் கணினியில் ஏற்றி டெல்லிக்கும் பாரிசுக்கும் அனுப்பினால், அங்கிருப்பவர்களும் எங்களோடு சேர்ந்து ஆராய்வார்கள்.

“இனிமே சமூக ஆய்வுன்னா இதுதான். தனியா உக்காந்து புஸ்தகம் எழுதுற காலம் போச்சு” என்பார் எங்கள் இயக்குநர். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

தகவல்களைச் சரிபார்க்க உள்ளூர்க் கல்லூரிப் பெண் ஒருத்தியைப் பகுதிநேர வேலைக்கு எடுத்திருந்தோம். என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவாள். ஒரு மதியம் திரையைக் காட்டி, “அக்கா, கடைசிக் கட்டத்துல இருக்கறதையும் சேத்துதான் அனுப்புறமா?” என்றாள்.

அது குறிப்புகளுக்கான கட்டம். கேள்வி கேட்கப் போனவர் தனக்குத் தோன்றியதை எழுதுமிடம். எட்டிப் பார்த்தேன். ‘வீட்டுக்குள் மூத்திர நாற்றம். அந்தம்மாள் முகம் பார்த்துப் பேசவில்லை. கணவர் வேலைக்குப் போவதாகச் சொல்வது பொய்.’

“போன வாரமே எல்லாம் போயாச்சே. ஏன்?”

“இது எங்க வீடுக்கா.”

பெயர்களை நீக்கியிருந்தோம். ஆனால் தெரு, வீட்டில் மூன்று பேர், கணினி படிக்கும் ஒரே மகள் எல்லாம் அப்படியே இருந்தன. அவளுக்குத் தெரியாமல் போகுமா?

“ஏழாம் நம்பர் எழுதுனதுன்னு போட்டிருக்கு. யாருக்கா அது?”

“யாரோ டெம்பரரியா வந்தவங்க. வேலைய விட்டுப் போய்ட்டாங்க” என்றேன்.

ஏழு என்னுடைய எண். யோசிக்காமலே வந்துவிட்டது அந்தப் பொய்.

மறுநாளிலிருந்து என்னை மேடம் என்றாள். எண்களுக்குரிய பெயர்ப் பட்டியலும் அதே கணினியில் இருந்தது அப்புறம்தான் எனக்கு உறைத்தது. அவள் எதுவும் கேட்கவில்லை. நேரத்துக்கு வந்தாள், வேலையைச் செய்தாள். நான்தான் அவள் பக்கம் திரும்பாமல் பத்து நாள் ஓட்டினேன். டீ குடிக்கக்கூடத் தனியாகப் போனேன்.

ஒரு சனிக்கிழமை அறையில் வேறு யாருமில்லை.

“அந்த ஏழு நான்தான்மா.”

“தெரியும் மேடம்.”

“அப்படி எழுதியிருக்கக் கூடாது.”

“நாத்தம் இருந்தது உண்மைதான். அப்பா பக்கவாதம் வந்து உள்ரூம்ல படுத்திருந்தாரு. நீங்க கேக்கறது அவர் காதுல விழும். அவர் வேலைக்குப் போகலன்னு அம்மா எப்படிச் சொல்லும்?”

“அம்மாவைப் பாத்து மன்னிப்புக் கேக்கறேன்” என்றேன்.

“வேணாம் மேடம். அதுக்கு இது தெரியாது. நீங்க வந்து சொன்னாத்தான் தெரியும்.”

கோப்பு போன இடங்களுக்கெல்லாம், அதை எழுதியது நான்தான் என்று ஒப்புக்கொண்டு, அந்தக் கட்டத்தை நீக்கச் சொல்லி மின்னஞ்சல் அனுப்பினேன். டெல்லியில் நீக்கிவிட்டார்கள். பாரிசிலிருந்து வந்த பதிலோ, மொத்தத் தொகுப்பிலும் உயிருள்ள பகுதி அந்தக் குறிப்புகள்தான் என்றது. அதை வைத்து ஒருவர் கட்டுரையே எழுதத் தொடங்கியிருந்தார்.

இயக்குநர் அதைப் படித்துவிட்டு என் மேசைக்கே வந்தார். “கவனிக்கிற கண்ணும்மா உனக்கு” என்றார், எல்லோருக்கும் கேட்கும்படி. அவள் பக்கத்து மேசையில் தட்டச்சு செய்துகொண்டிருந்தாள்.

மறுபடி கெஞ்சி எழுதிய பிறகு, அந்த ஒரு வீட்டை மட்டும் கட்டுரையிலிருந்து விட்டுவிடுவதாக ஒப்புக்கொண்டார்கள். மற்ற வீடுகளைப் பற்றி நான் என்னென்ன எழுதியிருந்தேன் என்பது எனக்கே முழுதாக நினைவில்லை.